பூட்ஸ் சத்தம் கேட்டால் அடங்கும் ரேடியோ

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் ரேடியோவை வாங்க எனக்கு வக்கில்லை. பந்தாட்ட வர்ணனை கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அப்போது நான் மலாக்காவில் ஒரு பஸ் கம்பெனியில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. கஜா பேராங்கில், செட்டி கம்பம் என்கிற குடியிருப்பை ஒட்டிய சந்தில், பலகைத் தரை போட்ட பாதி வீட்டில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். ஆட்டம் நடக்கும் சாயங்காலங்களில் காப்பிக்கடை ரேடியோ முன்னால் நின்றுகொண்டே கேட்பேன். கோல் விழப்போகும் நேரம் பார்த்து எவனாவது "காப்பி ஓ!" என்று கத்துவான். அந்த எரிச்சலில்தான் சொந்தமாக ஒரு செட் கட்டிவிடுவது என்று கிளம்பினேன்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருடம் அது. ஜோங்கர் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருந்தன. சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கழித்துக்கட்டிய சாமான்கள் அங்கே மலைபோல் குவிந்து கிடக்கும். ரேடியோ கட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. படம் போட்ட புத்தகம் இருந்தது, ஈயம் பற்றவைக்கும் கோல் இருந்தது. வித்தை முழுவதும் சாமான் பொறுக்குவதில்தான். கையில் இருப்பதோ கொஞ்சம். அதில் எதற்கு அள்ளிக் கொடுப்பது, எதில் கையைச் சுருட்டிக்கொள்வது என்பதில்தான் ஆளின் புத்தி தெரியும்.

முதல் முறை கட்டுகிறவன் பெரிய ஸ்பீக்கரைப் பார்த்து மயங்குவான். காசையெல்லாம் அதில் கொட்டிவிட்டு, எங்கோ எரிந்துபோன டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சல்லிசாக வாங்கி வைப்பான். பிறகு வீட்டில் புகை வரும், பாட்டு வராது. நான் டிரான்ஸ்பார்மரை மூக்கில் வைத்து மோந்து பார்த்துத்தான் எடுத்தேன். ஒருமுறை கருகிய சுருளின் வாடை எத்தனை வருடமானாலும் போகாது. வால்வை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிக் கறை இருக்கிறதா என்று பார்ப்பேன். கறை பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள், வால்வு செத்தது. வால்வு கேட்கும் மின்சாரமும் டிரான்ஸ்பார்மர் கொடுக்கும் மின்சாரமும் ஒத்துப்போக வேண்டும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதைவிட இதில் நான் கறாராக இருந்தேன். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அழுத்துவேன். உள்ளே உரசினால் வேண்டாம்.

கடை முதலாளியான சீனத் தௌக்கே நான் வருவதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "நீ ரேடியோ வாங்கறியா, பொண்ணு பாக்கறியா?" என்று மலாயில் கேட்பார். நான் காதில் போட்டுக்கொள்ளமாட்டேன்.

இப்படிப் பல மாதம் அலைந்து எல்லாம் சேர்த்துவிட்டேன். ஒன்று மட்டும் சிக்கவில்லை. வால்யூம் குமிழ். வெளியே பார்க்க வெறும் குமிழ். உள்ளே லாடம்போல வளைந்த கரிப்பட்டை ஒன்று இருக்கும், அதன்மேல் ஓர் உலோக நாக்கு நகரும். நாக்கு நகர நகரச் சத்தம் ஏறும், இறங்கும். இருப்பதிலேயே அற்பமான சாமான் அதுதான். கடையில் கிடைத்ததெல்லாம் துருப்பிடித்து இறுகியிருந்தது. புதியது வாங்கவோ என் கை கூசியது.

"எல்லாம் வாங்கியாச்சு, இந்தப் பொட்டு சாமானுக்கா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த செட்டி வீட்டு அக்காவுக்கும் அது கேட்டுவிட்டது.

செட்டி என்றதும் வட்டிக்கடைச் செட்டியாரை நினைத்துவிடக் கூடாது. எப்போதோ வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே வேர்விட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். கும்பிடுவது நம் சாமி, உடுத்துவது மலாய்ப் பெண்களின் கெபாயாச் சட்டை, பேசுவது மலாய். அந்த அக்காவுக்குத் தமிழில் உறவுமுறைகளும் சாமி பெயர்களும் மட்டும்தான் தெரியும். மாமியாரோடு இருந்தார். புருஷனை ஜப்பான்காரன் காலத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எதற்கு, எப்படி என்று கேட்டதில்லை. நெற்றியில் பொட்டு இருந்தது. அவரிடம் அதைப் பற்றிக் கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

மறுநாள் பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே துணியில் சுற்றிய வால்யூம் குமிழ். பின்னால் ஒயர்கள் பிய்ந்து தொங்கின.

"வீட்டுக்காரரோட ரேடியோவில் இருந்தது. மிச்சமெல்லாம் போய்விட்டது," என்றார் மலாயில். "வேலை செய்தால் வைத்துக்கொள். மாமியாரிடம் மட்டும் சொல்லாதே."

சாமான் கிடைத்த சந்தோஷத்தில் நான் வேறெதையும் யோசிக்கவில்லை. மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்தபோதுதான் அதைப் பார்த்தேன். கரிப்பட்டையின் தாழ்ந்த முனையில் மட்டும், ஒரு நகக்கண் அகலத்துக்கு, கரி தேய்ந்து வெளுத்திருந்தது. மீதிப் பட்டை முழுவதும் கை படாதது. இந்த மனிதர் தம் ரேடியோவை ஒருநாள்கூடச் சத்தமாக வைத்ததில்லை. அப்படியென்ன கஞ்சத்தனம் என்று நான் சிரித்தேன்.

செட் முதல் தடவையிலேயே பேசிவிட்டது. பல்பு மாட்டும் இடத்திலிருந்து ஒயர் இழுத்துச் சொருகியதும், வால்வுகள் சிவந்து, ஒரு பெருமூச்சு விட்டதுபோல் சத்தம் வந்து, பிறகு பாட்டு. பொருள் விளங்காத சீனப் பாட்டு அது. ஆனாலும் நானும் மனைவியும் கைதட்டினோம். குமிழைத் தாழ்த்தினால் மட்டும் கொஞ்சம் கரகரக்கும். அதனால் எப்போதும் சத்தமாகவே வைத்தோம். எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்று தெரிவதற்காக மனைவி குமிழின் நெற்றியில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தாள்.

முதல் முறை அது நடந்தது ஒரு மாலையில். ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று சத்தம் தானாகத் தணிந்தது. நின்றுபோகவில்லை. ஒருவர் காதருகே குனிந்து ரகசியம் சொல்கிற அளவுக்கு இறங்கியது. நான் செட்டின் மண்டையில் ஓர் அடி போட்டேன். அப்போதுதான் வாசலில், "யார் வீட்டில்?" என்று குரல் கேட்டது. வந்தவர் நகரசபைக் கொசு இன்ஸ்பெக்டர். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்து, கூத்தாடிப் புழு இருக்கிறது என்று நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். அவருடைய பூட்ஸ் சந்தின் முனையைத் தாண்டியதும் சத்தம் பழையபடி ஏறியது.

பலகைத் தரைதான் காரணம் என்று நினைத்தேன். கனமான ஆள் ஏறினால் பலகை அசையும், எங்கோ பற்றவைப்பு விட்டிருக்கும். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஈயம் வைத்தேன். பயனில்லை. அதுவும் இருக்கட்டும், இன்ஸ்பெக்டரைவிட இருமடங்கு கனமான வீட்டுக்காரச் சீனர் மரக்கட்டைச் செருப்பு தடதடக்க ஏறி வருவார், ரேடியோ கண்டுகொள்ளாது. மீன்காரர் வருவார், கான்வாஸ் சப்பாத்து போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடுவார்கள். எதற்கும் அசையாது. பூட்ஸுக்கு மட்டும் அடங்கும். அதுவும் ஆள் பலகையில் கால் வைத்த பிறகு அல்ல, சந்தின் முனையில் சரளைக்கல் நெரிபடத் தொடங்கும்போதே. எனக்குக் கேட்பதற்கு முன்னால் அதற்குக் கேட்டது.

ஒருநாள் தபால்காரர் வந்தபோது நான் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்த சுண்ணாம்புப் புள்ளி, யாரோ விரலால் மெதுவாகத் திருகுவதுபோல, சுற்றிக்கொண்டு கீழே வந்தது.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனால் அன்று செட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார என்னால் முடியவில்லை. மனைவி ஒரே பிடியாக நின்றாள். "கழட்டிக் குடுத்திருங்க. யாரு கை பட்டதோ எவரு கை பட்டதோ, நமக்கு எதுக்கு?" நான்தான் விடவில்லை. இவ்வளவு பொறுக்கிப் பொறுக்கிக் கட்டிய செட், ஒரு குமிழுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வதா என்று வீம்பு.

சுதந்திரம் அறிவித்த அன்று காலை சந்து முழுவதும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. சீனர்களும் மலாய்க்காரர்களும் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களும், பலகை தாங்குமா என்று நான் பயப்படுகிற அளவுக்கு. செட்டி வீட்டு அக்காவும் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கோலாலம்பூர்த் திடலின் இரைச்சலை ரேடியோ அப்படியே கொண்டுவந்து கொட்டியது. "மெர்டேக்கா" என்ற விடுதலை முழக்கம் எழும்பப்போகிற நேரம். ரேடியோவில் பேச்சு தணிந்தது. திடலின் மொத்தக் கூட்டமும் முணுமுணுப்பாகிவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். வாசலில் என் மைத்துனன் நின்றான். தோட்டத்தில் காவல் காக்கும் ஸ்பெஷல் போலீஸ் வேலை. சீருடையும் பூட்ஸுமாக, சிரித்துக்கொண்டு.

"வெளியே போடா! பூட்ஸ கழட்டுடா!" என்று நான் போட்ட கூச்சலில் அவன் முகம் செத்துவிட்டது. அவன் கழற்றி வீசினான். சத்தம் ஏறியது. எல்லாரும் முழங்கினார்கள். அக்கா மட்டும் முழங்கவில்லை. என் முகத்தையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

ஜப்பான்காரர்கள் ஊரார் ரேடியோக்களை எல்லாம் பறித்து, வெளிநாட்டுச் செய்தி கேட்க முடியாதபடி முடக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். அக்காவின் புருஷன் திரும்பி வந்த செட்டைத் திறந்து, முடக்கியதைச் சரிசெய்துவிட்டார். தினமும் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, காதைச் செட்டிலும் விரலைக் குமிழிலும் வைத்திருப்பார். ரோந்துக்காரர்களின் பூட்ஸ் சத்தம் தெரு முனையில் கேட்டதும் விரல் தானாகக் குமிழைத் தாழ்த்தும். தூக்கத்தில்கூட அந்த விரல் பாயைத் திருகும் என்றார் அக்கா.

"பிறகு எப்படிப் பிடித்தார்கள்?" என்று என் மனைவி கேட்டாள்.

"அன்றைக்கு ரப்பர்ச் செருப்பு போட்டு வந்தார்கள்."

செட்டையும் அவரையும் சேர்த்தே இழுத்தார்கள். அவர் குமிழை விடவில்லை. அது பிய்ந்து அவர் கையோடு வந்தது. வாசலில் அவரை அடித்தபோது கை திறந்து, அது உருண்டு அரிசிப் பானைக்கு அடியில் போய்விட்டது. அவ்வளவுதான் மிச்சம். அவரை எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. உடலையும் யாரும் பார்க்கவில்லை.

இதைக் கேட்டதும், உடனே கழற்றித் தருகிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்றார். அவருக்கு வேறு ஒன்று ஆகவேண்டியிருந்தது.

பொங்கலுக்கு முதல்நாள் நம் வீடுகளில் பழையதைக் கழிப்போம். செட்டிகளுக்குப் போகி என்றால் இறந்தவர்களுக்குச் சோறு போடுகிற நாள். பர்ச்சு என்பார்கள், நாம் படையல் என்பது. வாழை இலை விரித்து, சமைத்ததையெல்லாம் வைத்து, சாம்பிராணி போட்டு, இறந்தவர்களைக் கூப்பிட்டு, அக்காவின் வீட்டில் படையல் அறைக் கதவையும் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கு. மறுபடி உள்ளே போகிறவர் கதவைத் தட்டிவிட்டுத்தான் போகவேண்டும். அந்த வீட்டில் மாமனாருக்கு இலை உண்டு, சின்ன வயதில் போன நாத்தனாருக்கு உண்டு. புருஷனுக்கு இல்லை. மாமியார் விடவில்லை.

"என் மகன் செத்ததை யார் பார்த்தது? உயிரோடு இருக்கிறவனுக்கு இலை போட்டால், நாமே அவனைக் கொன்ற மாதிரி." அந்தப் பெரியம்மாவின் பேச்சு அது. அதில் என்ன தப்பு சொல்ல முடியும்? ஆனால் அக்காவின் பயமும் அதே அளவு நியாயமானது. புருஷன் செத்திருந்தால் இத்தனை வருடமாகப் பட்டினி. போகிதோறும் அப்பாவும் தங்கையும் கதவுக்கு உள்ளே சாப்பிட, அவர் மட்டும் கூப்பிடாத வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பார். இந்த நினைப்போடுதான் அந்தப் பெண் ஒவ்வொரு வருடமும் இலை நறுக்கியிருக்கிறார்.

போகிக்குச் சில நாள் முன்னால் செட்டை அவர்கள் வீட்டுக்குத் தூக்கிப் போனேன். மாமியார் நடுக்கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மருமகள் குமிழ் கொடுத்த கதையைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செட்டைப் பாடவிட்டு, அவரே கண்ணால் பார்க்கட்டும் என்று நான் மைத்துனனின் பூட்ஸை மாட்டிக்கொண்டு தெரு முனைக்குப் போய், அங்கிருந்து வீட்டை நோக்கி நடந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஓர் அருவருப்பான நடை நான் நடந்ததில்லை. ஒவ்வோர் அடிக்கும், நான் யாரோ ஒருவரைப் பிடிக்கப் போகிறேன் என்றே தோன்றியது. வீட்டை அடைவதற்கு வெகு முன்பே பாட்டு அடங்கிவிட்டது. கம்பத்து நாய்களும் குரைக்கவில்லை.

உள்ளே வந்தபோது பெரியம்மா குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே மருமகளிடம் சொன்னார்.

"இலை போடு. ஆனால் அதில் சோறு வைக்காதே. வெறும் இலை. அவன் உயிரோடு இருந்தால் வெறும் இலையால் ஒரு கெடுதலும் வராது."

அக்கா தலையாட்டினார். எனக்கு மட்டும் ஆத்திரமாக வந்தது. பசித்தவன் முன்னால் வெறும் இலையை விரிப்பதா? ஆனால் அது என் வீடு இல்லை.

போகி அன்று பிற்பகல் நானும் மனைவியும் போயிருந்தோம். தேங்காய்ப்பால் சோறும் மீன் குழம்பும் பலகாரங்களும் மணக்க, எல்லா இலைகளும் நிறைந்திருந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் பச்சையாக, ஒன்றும் இல்லாமல். அதன் தலைமாட்டில் ரேடியோவை வைத்து, குமிழை நடுவில் நிறுத்தினேன். மலாய்ப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சாம்பிராணி போட்டு, இறந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் பாட்டு தணிந்தது. பூட்ஸ் போட்டவர் யாராவது வருகிறாரா என்று நான் தெருவைப் பார்த்தேன். யாரும் இல்லை. வெயில் மட்டும் காய்ந்தது. பாட்டு இன்னும் தணிந்து, கேட்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு கோடாகி, அப்படியே நின்றது. மனைவி என் கையைப் பிடித்தாள். உள்ளே மூடிய அறையில் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

பிறகு அது ஏற ஆரம்பித்தது. மெல்ல, தயங்கித் தயங்கி. நான் நிறுத்திய அளவுக்கு வந்தது. அதைத் தாண்டியது. பாட்டு கதவைப் பிளந்துகொண்டு முற்றத்துக்கு வந்தது, வேலியைத் தாண்டியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாக அந்தச் செட் என்னிடம் ஒருநாளும் பாடியதில்லை. குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியம்மா எழுந்தார். நேராக அடுப்படிக்குப் போனார். பீங்கான் தட்டில் சோறு போட்டு, மேலே மீன் குழம்பை ஊற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. தட்டை ஒரு கைக்கு மாற்றி, விரல் முட்டியால் கதவைத் தட்டினார். எல்லா அம்மாக்களும் விளையாட்டுப் பிள்ளையை அதட்டுகிற அதே குரலில், அந்தப் பாட்டுக்கு மேலே கேட்கும்படி சொன்னார்.

"மாக்கான் டுலு, நா."

முதலில் சாப்பிடுப்பா என்று அர்த்தம். சொல்லிவிட்டு உள்ளே போய், கதவைத் தன் பின்னால் சாத்திக்கொண்டார். அப்போதுதான் அக்கா வாய்விட்டு அழுதார்.